மாரிக்கு நிறுத்துதல்

விண்ணிபெக்கிலிருந்து குரல் பதிவு.
நிமலகாந்தன், மூக்கடைத்த குரலில்:
"குழாய்த் தண்ணியை ஒரு சொட்டும் விடாமல் இறக்கிப்போடு மச்சாள்,
உறைஞ்சால் வெடிச்சுப் போகும்."

வட்டக்கச்சியில் ஐப்பசி.
முதுகில் வியர்வைகூட உறைந்தபாடில்லை.
எண்டாலும் இறக்கினேன்.
அவன் பிள்ளைகள் பல் தீட்டி மிஞ்சிய தண்ணி
கத்தரிக்கன்றுப் பாத்திக்குள் போய்ச் சேர்ந்தது.

ஒரு பட்டா லொறி, அதன் முதுகில் ஒரு வீடு.
பரந்தனில் வெல்டிங் கடை வாசலில் இரண்டு மாதம்
குந்தியிருந்து கட்டுவித்தான்.
மடிக்கிற கட்டில், பேசின், ஒரு முழ யன்னல்,
யன்னலுக்குப் பூப்போட்ட சீலை.
ஆடியில் நாயாற்றுக் கடற்கரையில் மூன்று இரவு,
மடுத் திருவிழாவுக்கு இரண்டு.
பிறகு விமானம்.
திறப்பு என்னிடம்.

இரண்டாம் பதிவு:
"எலி அண்டாமல், உடுப்புக் காயவைக்கிற மெசினுக்குப் போடுற
வாசத் துண்டு நாலைஞ்சு வை."
என்னுடைய மெசின் இரண்டு பூவரசுக்கு நடுவில் கட்டிய கொடிக்கயிறு.
நொச்சி வைத்தேன், வேப்பிலை வைத்தேன்.
எலி வந்து மணந்து பார்த்துவிட்டுப் போனது,
வீடு பார்க்க வந்த ஆள் மாதிரி.

அவன் சொல்லாதவை:
கறையான்.
அச்சுக்கு மேலே சூடு தேடிச் சுருளும் புடையன்.
இரணைமடுக் கதவு திறக்கிற இரவு.

பக்கத்து வளவு அருள்நேசன் ஜக்கோடு வந்தான்.
"இரண்டு கல்லுக் காணாது அக்கா, மூண்டு அடுக்குவம்.
எந்தப் பக்கம் பார்க்க விடுறது?"

"படலையைப் பார்க்க."
யோசிக்க முதல் வாய் சொல்லிவிட்டது.

இந்த ஒழுங்கையில் எல்லாமே படலையைப் பார்த்துத்தான் நிற்கும்.
சைக்கிள், உழவு மெசின்,
கல் சுமக்கிற ஒற்றைச் சில்லு வண்டிகூட.
ஒருவரும் சொல்லித் தரவில்லை.
ஒரு தையில் ரக்டர் பெட்டிக்குள் ஏறினோம்,
ஏழு பேர், ஒரு தையல் மெசின், அரை மூட்டை மா.
சித்திரை முடியவும் அதுதான் வீடு.
அதற்கு யன்னல் இல்லை.

அருள்நேசன் வானத்தைப் பார்த்தான்.
"வாடை மழை அந்தப் பக்கத்தாலதான் அடிக்கும்.
வண்டிக் கதவு பின்னுக்கு.
படலையைப் பார்க்க விட்டால் கட்டில் ஊறிப்போகும்."

சரிதான்.
நான் தண்ணீர் குடிக்கப் போனேன்.
குடித்து முடிய இன்னொரு செம்பு.
திரும்பி வந்து சொன்னேன்:
"மூக்கை உள்ளுக்கு விடு."

முருங்கையைப் பார்த்து நிற்கிறது இப்போது
ஒன்பது கல் மேலும் மூன்று கல்மேல்.
தறப்பாள் என்னுடையது,
எழுத்தெல்லாம் அழிந்த வெள்ளை,
ஒட்டுப்போட்ட இடம்தான் ஒரிஜினலை விட உறுதி.
பற்றறி சாமியறை மூலையில்.
நாலு ரயரும் என் கட்டிலுக்குக் கீழே.
இரவில் றப்பர் மணம்.
திரும்பிப் படுத்தால்
நான் படுத்திருப்பதே ஏதோ வண்டியில் எண்டு
உடம்பு ஒரு கணம் நம்பும்.

படம் அனுப்பினேன்.
"ரயர் எங்க?" எண்டு மட்டும் கேட்டான்.
அது எந்தப் பக்கம் பார்க்கிறது எண்டு கேட்கவில்லை.
தொண்ணூற்றியொன்றில் போனவன்.

முதல் மழை மூன்று நாள் விடாமல்.
நாலாம் நாள் தறப்பாளைத் தூக்கிக் கட்டிலைத் தடவினேன்:
காய்ந்த பலகை.

பற்றறிக்கு மாதம் ஒருதரம் சார்ஜ் ஏற்றவேணுமாம்.
கலண்டரில் வட்டம் போட்டிருக்கிறேன்,
கார்த்திகையில் ஒன்று, மார்கழியில் ஒன்று.
தைக்குத் தாள் இன்னும் இல்லை,
சுவரில் எழுதிவைத்தேன்.

யன்னல் சீலையில் ஒரு பூவை எலி தின்றுவிட்டது.
அதை அவனுக்குச் சொல்லவில்லை.